ஆறு விசிலும் மூன்று யானையும்

1

போன மார்கழியில் எனக்கும் என் மகளுக்கும் நடுவில் மூன்று யானைகள் நிற்பதாக நான் நம்பினேன். ஒன்று என்றால்கூட யாரோ சொன்னார்கள் என்று பழியைத் தள்ளிவிடலாம். மூன்று. எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதில் ஒன்று குட்டி என்றும் நானே முடிவு செய்துகொண்டேன். குட்டியோடு வரும் யானைதான் பொல்லாதது என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது, இன்னும் கொஞ்சம் பயந்தேன். பயம் என்று இறங்கிவிட்டால் நான் எதையும் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் மார்கரெட். நான் குடியிருக்கும் ஸ்காட்லாந்துச் சிற்றூரில், சனிக்கிழமைதோறும் மலையில் நடக்கிற ஒரு குழு இருக்கிறது. அதன் தலைவி இந்த அம்மாள். எழுபது வயது, ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுவார். இந்தக் குளிர்காலத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 'மலையில் பாதுகாப்பு' என்று நான் கால்மணி நேரம் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். "நீ மலைகளுக்கு நடுவில் பிறந்தவனாயிற்றே" என்றார்.

அந்தப் புளுகு நானே இருபது வருடமாக வளர்த்தது. கம்பம் பள்ளத்தாக்குக்காரன், வாசலில் வந்து நின்றால் மூன்று பக்கமும் மலை என்று போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். மலை இருந்தது நிஜம். நான் ஏறினேனா என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் மலை என்பது மழை வருமா என்று அண்ணாந்து பார்ப்பதற்கு உள்ளது. ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு மலை ஏறுகிறவர்கள்கூட விடியக்காலை ஜீப்பில்தான் போவார்கள். சும்மா போய்ச் சும்மா வருவதற்கு யாராவது மலை ஏறினால், வீட்டில் சண்டையா என்று விசாரிப்பார்கள்.

2

நான் நடக்க ஆரம்பித்ததே ஒரு டாக்டரால்தான். இங்கே பஸ் கம்பெனி ஒன்றில் கால அட்டவணை போடுவது என் வேலை. எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று நாள் முழுக்க உட்கார்ந்தே தீர்மானிப்பேன். பஸ்கள் ஊர் சுற்றின, எனக்குத் தொப்பை விழுந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நட என்றார் டாக்டர். நடந்தேன்.

ஸ்காட்லாந்து மலையின் குணம் ஊரில் இருப்பவர்களுக்குப் புரியாது. கிளம்பும்போது வெயில். பாதி ஏறுவதற்குள் மழை, ஆலங்கட்டி, முகத்தில் அறைகிற காற்று. உச்சியில் போய் நின்றால் மறுபடி வெயில், ஒன்றுமே நடக்காத மாதிரி. அதனால் அங்கே சட்டதிட்டங்கள் அதிகம். மேகம் இறங்கினால் உடனே திரும்ப வேண்டும். கூட வருகிறவரிடம் சொல்லாமல் யாரும் விலகக்கூடாது. வழி தவறினால் நின்ற இடத்தில் நின்று, ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊத வேண்டும். கேட்டவர்கள் மூன்று முறை ஊதினால் 'கேட்டுவிட்டது, வருகிறோம்' என்று பொருள்.

என் மகள் கயல் சின்னவளாக இருந்தபோது இதையெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக் கூடத்தில் சோபாவை மலையாக்கி ஒத்திகை நடக்கும். நான் ஆறு ஊதுவேன், அவள் மூன்று ஊதுவாள், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். பதினாலு வயதில் ஒரு சனிக்கிழமை, "நான் வரல" என்றாள். அவ்வளவுதான். இப்போது பதினேழு. காதில் எப்போதும் எதையோ மாட்டியிருக்கிறாள். கல்லூரிக்கு எங்கெங்கே விண்ணப்பித்திருக்கிறாள் என்பதை நான் அவள் அம்மா மூலம்தான் தெரிந்துகொள்கிறேன். "நம்மகிட்ட எதையும் சொல்ல மாட்டேங்குறாளே" என்று நான் மனைவி செல்வியிடம் அடிக்கடி புலம்புவேன். செல்வி என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. அப்போது தெரியாது.

ஊருக்குப் போகிற சாக்கில் அவளோடு ஒரு மலைநடை போய்விடுவது என்பதுதான் என் திட்டம். இரண்டு பேர் மட்டும் ஏறினால், மூச்சு வாங்குகிற இடைவெளியில் ஏதாவது பேசத்தானே வேண்டும்?

விமான நிலையத்திலேயே சகுனம் சரியில்லை. பழக்கதோஷத்தில் நான் இந்தியர்களுக்கான வரிசையில் போய் நின்றுவிட்டேன். அரைமணி நேரம் நகர்ந்து, அதிகாரி முன்னால் போய், வெள்ளைக்காரன் கொடுத்த பாஸ்போர்ட்டை நீட்டினேன். "சார், நீங்க அந்த வரிசை" என்றார். "நான் இந்த ஊர்தாங்க" என்றேன். "தெரியுது சார். வரிசை அது." கயல் அவள் அம்மாவோடு முதலிலேயே சரியான வரிசையில் நின்று, முத்திரை வாங்கி, அந்தப் பக்கம் பெட்டியின் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ப்பா" என்றாள்.

சொன்னாளா? எனக்கு ஞாபகமில்லை.

3

செல்வியின் தம்பி பாண்டிக்கு கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப் போகிற வழியில், மலையை ஒட்டித் தோட்டம். வாழையும் தென்னையும். தோட்டத்துக்குப் பின்னால் ஒரு கரடு. கரடு என்றால் பெரிய மலைக்குக் கீழே நிற்கிற மொட்டைப் பாறைக் குன்று. அதற்கு அப்புறம் வனத்துறை எல்லை, போகக்கூடாது. கரடு வரைக்கும் ஆடு போகும், நாமும் போகலாம்.

போய் இறங்கிய அன்றே பாண்டி தோட்டத்தைச் சுற்றிக் காட்டினான். ஒரு மூலையில் வாழை மொத்தமும் சப்பளிந்து கிடந்தது. "போன மாசம் யானை எறங்கிருச்சு மாமா" என்றான், விருந்தாளி வந்து போன மாதிரி.

வந்த நாலு நாளில் நான் ஊரில் நல்ல பெயர் வாங்கியிருந்தேன். டீக்கடையில் கிளாசைக் கொடுத்தவருக்கு தேங்க்ஸ், சில்லறை கொடுத்தவருக்கு தேங்க்ஸ், பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தவருக்கு தேங்க்ஸ். சந்தில் ஒரு மாட்டின் மேல் லேசாக இடித்து, "சாரி" என்றேன். மாடு பெருந்தன்மையாகப் போய்விட்டது, பாண்டிதான் விடவில்லை. "எங்க மாமா மாட்டுக்கிட்டக்கூட மன்னிப்புக் கேக்குறாக" என்று கம்பம் வரைக்கும் போன் பண்ணிச் சொன்னான்.

நடைக்கு முந்தின நாள் சாப்பாட்டு வேளையில் என் பையைப் பிரித்துக் காட்டினேன். மழைச்சட்டை, திசைகாட்டி, உடம்புச் சூட்டைக் காக்கும் வெள்ளித்தாள் போர்வை, தலையில் மாட்டும் விளக்கு. பாண்டி குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். நான் அரைக்கைச் சட்டையில் இருந்தேன். இந்தக் குளிரெல்லாம் எங்களுக்கு ஒரு குளிரா என்கிற தோரணை.

"மாமா, எவரெஸ்டுக்கா, கரட்டுக்கா?"

"மலை எதுவாக இருந்தாலும் மரியாதை கொடுக்கணும் மாப்ள."

"குடுங்க, குடுங்க. மாட்டுக்கே குடுத்தீக. இது என்னது, விசிலா?"

ஆறு, மூன்று விவரத்தை விளக்கமாகச் சொன்னேன். உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்றேன்.

"உலகம் பூராவுமா? அப்ப ஒண்ணு சொல்லணும் மாமா. இங்கன விசில் சத்தம் கேட்டுச்சுன்னா நாங்க என்ன செய்வோம்னா..."

"ம், ம்" என்றேன். "இதைப் பார் மாப்ள, திசைகாட்டி. வடக்கு எந்தப் பக்கம் சொல்லு?"

"வடக்கு அங்கனதானே மாமா இருக்கு, எப்பவும்போல" என்று வீரபாண்டி ஊர்ப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, பாண்டி ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

கயல் வர ஒப்புக்கொண்டாள், நிபந்தனைகளோடு. கையைப் பிடிக்கக்கூடாது. கல்லூரி பற்றிக் கேள்வி கேட்கக்கூடாது. விசிலைக் கழுத்தில் தொங்கவிட மாட்டாள். அவள் பேசுவது செல்வி சொல்லிக் கொடுத்த தேனிப் பக்கத்துத் தமிழ், ஸ்காட்லாந்து ராகத்தில். "அத நீங்களே மாட்டிக்கோங்க. நாய்க்குட்டி மாதிரி இருப்பீக" என்றாள்.

4

காலையில் பாண்டியால் வர முடியவில்லை. மும்முனை மின்சாரம் வருகிற நேரம், மோட்டார் போட வேண்டும். நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். செல்வி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

வானிலை ஸ்காட்லாந்திலிருந்து கூடவே வந்துவிட்ட மாதிரி இருந்தது. பனி விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. நான் பாடம் எடுத்துக்கொண்டே ஏறினேன். பாதத்தை முழுதாக ஊன்ற வேண்டும், மூச்சை மூக்கால் இழுக்க வேண்டும். கயல் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். குமுளிப் பக்கத்திலிருந்து காற்று திரும்பியது. கொஞ்சம் சாரல். மழைச்சட்டையைப் போட்டேன், வெயில் வந்தது. கழற்றினேன், சாரல் வந்தது. இப்படி நான் மேகத்தோடு உடை மாற்றி விளையாடிக்கொண்டிருந்தபோது கயல் மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாள். காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

உச்சியில் பள்ளத்தாக்கு மொத்தமும் கீழே விரிந்து கிடந்தது. வயலும் தென்னையும், சபரிமலைக்குப் போகிற வண்டிகள் வரிசையாக ஊர்ந்த சாலையும். மலைமுகட்டில் மேகம் பால் பொங்குகிற மாதிரி எழும்பி இந்தப் பக்கம் வழிய ஆரம்பித்திருந்தது. மார்கரெட்டுக்குக் காட்டியே ஆக வேண்டும். போனை எடுத்து வீடியோ பிடித்தேன். இடமிருந்து வலம் மெதுவாக, கை ஆடாமல், ஆங்கிலத்தில் விளக்கத்தோடு. சரியாக வரவில்லை என்று இரண்டாவது தடவையும் பிடித்தேன். மேகம் நேராக என்னை நோக்கி வந்தது. அடடா, என்ன காட்சி!

போனைக் கீழே இறக்கியபோது காட்சி முடிந்திருந்தது. பள்ளத்தாக்கைக் காணவில்லை. என் பூட்சுக்கு முன்னால் இரண்டு பாறை, அதற்கப்புறம் வெள்ளை. கயல் உட்கார்ந்திருந்த பாறை காலியாக இருந்தது.

"கயல்!"

பதில் இல்லை.

"ஏய், கயலு! விளையாடாத!"

சொல்லாமல் போய்விட்டாள். முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருடம் படித்துப் படித்துச் சொன்னேனே, கூட இருக்கிறவரிடம் சொல்லாமல் விலகக்கூடாது என்று! விண்ணப்பம் போட்டாள் சொல்லாமல், இப்போது மலையிலும் சொல்லாமல். கோபம் கொஞ்ச நேரம்தான் தாங்கியது. கரட்டின் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை இருப்பது ஞாபகம் வந்தது. அவள் எப்போதும் முன்னால் போகிறவள். மேகத்துக்குள் இன்னும் முன்னால் போயிருந்தால்?

நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. நான் ஓடினேன். நாலு அடியில் முள்செடி ஒன்று கால்சட்டையைப் பிடித்து உட்கார வைத்தது. உட்கார்ந்தபடியே விசிலை வாயில் வைத்தேன்.

5

ஆறு ஊதினேன். காது கொடுத்தேன்.

பதிலுக்குக் கீழே எங்கோ டமார் என்று ஒரு வேட்டு.

பாறையெல்லாம் அதிர்ந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் சரமாகச் சடசடவென்று. மார்கழியில் பட்டாசு வெடிக்கிறவன் யார்? அப்போதுதான் சப்பளிந்து கிடந்த வாழை கண்ணுக்குள் வந்தது. யானை! தோட்டக்காரர்கள் யானையை விரட்டுகிறார்கள். விரட்டினால் அது எங்கே போகும்? மேலே வரும். மேலே யார் இருக்கிறார்கள்? நானும், இந்த மேகத்துக்குள் எங்கோ என் பிள்ளையும்.

மறுபடி ஆறு ஊதினேன். மறுபடி வேட்டு, இந்தத் தடவை இரட்டிப்பாக. நான் ஊத ஊத வெடித்தார்கள். வெடிக்க வெடிக்க ஊதினேன். யானை நெருங்குகிறது, அதனால்தான் வெடி கூடுகிறது என்று கணக்குப் போட்டேன். கால அட்டவணை போடுகிறவனுக்கு இந்தக் கணக்கு வராதா?

திடீரென்று வேட்டு நின்றது. அமைதி. பிறகு கீழேயிருந்து ஒரு விசில். இன்னொன்று. இன்னொன்று.

மூன்று.

வீட்டுக் கூடத்தில் சோபா மேல் ஏறி நின்று நானே சொல்லிக் கொடுத்த மூன்று. உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்று முந்தின நாள் ரசத்துக்கு முன்னால் பிரசங்கம் செய்த மூன்று. என் மூளை அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, தெளிவாக ஒரு முடிவு சொன்னது: மூன்று யானை.

பிறகு நான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெள்ளித்தாள் போர்வையைப் பிரித்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன். யானைக்கு மினுக்கம் ஆகாது என்றோ, இல்லை ரொம்பப் பிடிக்கும் என்றோ எங்கோ படித்திருந்தேன். எது என்று நினைவில்லை. பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அவர் முகத்தை நினைத்ததும் அதுவும் அதே ஜாதி முகம்தானே என்று நடுங்கி, பாதியில் முருகனுக்கு மாறினேன். பிள்ளை பத்திரமாகத் திரும்பினால் போதும், அவள் எந்த ஊர்க் கல்லூரிக்கு வேண்டுமானாலும் போகட்டும், நான் வாயே திறக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். அது மட்டும் விளையாட்டில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கீழே முள்செடி முறிகிற சத்தம். ஒன்றல்ல, கூட்டமாக. கனமான மூச்சு. என்னை நோக்கி வந்தது.

"ஏலே பாண்டி, அங்கன என்னலே மின்னுது?"

யானை தமிழ் பேசியது.

6

பேசியது மீரான் பாய், பாண்டியின் பக்கத்துத் தோட்டக்காரர். அவர் கையில் வேட்டு, பாண்டி கையில் கம்பு. இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது கயல்.

"அப்பா! எங்க இருக்கீக? கால் ஒடஞ்சிருச்சா?"

"வராத! யானை!" என்று கத்தினேன்.

"மாமா, எந்தப் பக்கம்?" என்றான் பாண்டி.

"உங்க பின்னால!"

மூன்று பேரும் திரும்பினார்கள். பாய் வேட்டைப் பற்ற வைத்து வீசினார். டமார். நாலு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றோம். நான் வெள்ளித்தாளில், பாண்டி குரங்குக் குல்லாவில். அந்த நேரம் பார்த்துக் காற்று மாறியது. திரையை இழுத்த மாதிரி மேகம் விலகி, வெயில் சுள்ளென்று விழுந்தது.

மொட்டைக் கரடு. ஓர் ஆட்டுக்குட்டிகூட ஒளிய இடமில்லை. காலுக்குக் கீழே பாண்டியின் மோட்டார் ரூம். அதன் வாசலில் இருந்த சிவப்பு வாளிகூடத் தெரிந்தது.

மீரான் பாய் மெதுவாக என் போர்வையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "என்ன மாப்பிள்ள, பிரியாணிப் பொட்டலம் மாதிரி ஆயிட்டீக?"

பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சு இரைக்க உட்கார்ந்தான். "நேத்தே சொல்ல வந்தேன் மாமா. இங்கன விசில்னா யானை. ஒருத்தர் ஊதுனா எல்லாத் தோட்டத்துலயும் வேட்டுப் போடணும்னு எங்களுக்குள்ள பேச்சு. நீங்க விடாம ஊதுறீக. யானை உங்களச் சுத்தி நிக்குதுன்னு நெனச்சோம்."

"அப்புறம் எதுக்கு ஏறி வந்தீங்க?"

"என்ன பேச்சு பேசுறீக? விட்டுட்டா இருப்பாக?"

"நாங்க யானைன்னுதான் நெனச்சோம் மாப்பிள்ள" என்றார் பாய். "இந்தப் பிள்ளைதான் ஒத்தையா நின்னு சண்ட போட்டுச்சு. ஆறு ஆறா ஊதுறாக, அது யானைக்கு இல்ல, எங்கப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு. வேட்டு போட்டா அவுகளுக்கு ஒண்ணும் கேக்காதுன்னு எங்க கையைப் புடிச்சு நிப்பாட்டிருச்சு. பாண்டி விசிலப் பிடுங்கி இதுதான் மூணு ஊதுச்சு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றேன். மேற்கொண்டு விவரம் சொல்லவில்லை.

இறங்கும்போது கயல் என் போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கை இல்லை, போர்வைதான். நிபந்தனை மீறவில்லை.

"நீ ஏன் சொல்லாம எறங்கின?" என்று கேட்டேன். அப்பன் என்றால் ஏதாவது கேட்கத்தானே வேண்டும்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். செல்வியின் அதே பார்வை.

வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடியிருந்தது. என் மானத்தில் மிச்சம் இருந்ததைக் காப்பாற்ற, மேலே மேகம் எப்படி வந்தது பாருங்கள் என்று வீடியோவைப் போட்டு பாண்டியிடம் கொடுத்தேன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பள்ளத்தாக்கு, தென்னை, மேகம், என் ஆங்கில விளக்கம். அதற்கு நடுவில் ஒரு குரல், ஸ்காட்லாந்து ராகத்தில்:

"அப்பா, மேகம் எறங்குது. நான் கீழ போறேன். வர்றீகளா?"

பாண்டி நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி போட்டான். பிறகு இரண்டாவது வீடியோவையும் போட்டான். செல்விதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"இருபது வருசமா எனக்கும் இதே 'ம்'தான் ஆத்தா" என்றாள் கயலிடம்.

அன்று அந்தக் கரட்டுப் பக்கம் யானை எதுவும் வரவில்லை. கயல் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறாள், இரண்டு முறை. இரண்டு முறையும் நான் 'ம்' என்றிருக்கிறேன்.